பருவப் புறாவைப் பதிவு செய்த எட்கார் லெயார்ட்

கொழும்பு கிராண்ட்பாஸ் பகுதியில் லெயார்ட்ஸ் புறோட்வே என்றொரு வீதி உண்டு. நாளாந்தம் அவ்வீதியால் சென்று வருவோரில் அப்பெயர் யாருடையது எனச் சிந்திப்போர் மிகச் சிலராகவே இருப்பர். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இலங்கைச் சிவில் சேவையில் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றிய ஒரு குடும்பத்தின் பெயர் அது. அக்குடும்பத்தவர் பலர் அரசாங்க அதிபர்களாகவும் உயர் அதிகாரிகளாகவும் விளங்கினர். எனினும் நாம் இங்கு நினைவுகூர முற்படுபவர் அத்தகைய பெரும் பதவி எதனையும் இந்நாட்டில் வகித்தவரல்லர். எட்டாண்டு காலம் இங்கு வாழ்ந்து, காடுகளிலும் கடற்கரைகளிலும் பறவைகளைத் தேடித் திரிந்து, எங்கு எது காணப்பட்டது என்பதை எழுதிவைத்துச் சென்றவர். அவர் எட்கார் லியோபோல்ட் லெயார்ட்.

1824ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் ஹென்றி பீற்றர் ஜோன் லெயார்ட் இலங்கையில் சிவில் சேவையாளராக இருந்தவர். மூத்த சகோதரரான ஒஸ்ரின் ஹென்றி லெயார்ட்டின் பெயரை வரலாறு படித்தோர் அறிவர். மெசப்பொத்தேமியாவில் நினிவே நகரின் இடிபாடுகளை அகழ்ந்து உலகுக்குக் காட்டியவர் அவரே. அவரும் 1839இல் இலங்கைக்கு வந்து சட்டத் தொழில் புரியும் நோக்குடனேயே இங்கிலாந்திலிருந்து தரைவழியாகப் புறப்பட்டார். இடையில் மெசப்பொத்தேமியாவின் மண்மேடுகள் அவரைப் பிடித்துக்கொண்டன. அண்ணன் வந்து சேராத இலங்கைக்குத் தம்பி 1846இல் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. முந்திய ஆண்டுதான் பார்பரா ஆன் கல்த்ரொப் என்ற பெண்ணை மணந்திருந்தார்.

லெயார்ட் வந்திறங்கிய காலம் இலங்கைக் காடுகளுக்கு நல்ல காலமாக இருக்கவில்லை. கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகக் கண்டியைச் சூழ்ந்த மலைக்காடுகள் வெட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் வந்தன. இன்ன காட்டில் இன்ன பறவை வாழ்கிறது என எவரும் எழுதிவைக்கும் முன்னரே அக்காடு சாம்பலாகிவிடும் நிலை. அத்தகைய வேளையில் இங்கு பணிபுரிந்த படை மருத்துவர் றொபேர்ட் டெம்பிள்ற்றனுடன் சேர்ந்து லெயார்ட் உயிரினங்களை ஆராயத் தொடங்கினார். அடையாளம் காண இயலாத மாதிரிகள் கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழக அரும்பொருட்சாலைக்கு அனுப்பப்பட்டன. அங்கு பொறுப்பாயிருந்த எட்வேர்ட் பிளித் அவற்றை ஒப்புநோக்கிப் பெயரிட்டார்.

அக்காலத்தில் பறவையை அறிதல் என்பது பறவையைச் சுடுதல் என்பதையும் இங்கு மறைக்காமற் கூறவேண்டும். இன்றைய தொலைநோக்கியின் இடத்தில் அன்று துப்பாக்கியே இருந்தது. தோலை உரித்துப் பாடம் செய்து, இடத்தையும் காலத்தையும் எழுதிய சீட்டொன்றை அதன் காலிற் கட்டுவர். கண்டேன் என்ற சொல்லை எவரும் ஏற்கமாட்டார்கள். கையிலுள்ள உடலே சான்று. இந்த வழக்கத்தை நாம் இன்று விரும்பப்போவதில்லை. ஆனால் அந்தச் சீட்டுக்கள் இல்லையெனில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தீவில் எவை வாழ்ந்தன என்பதற்கு நம்மிடம் மிகச் சொற்பமான சாட்சியமே எஞ்சியிருக்கும்.

அன்று இடப்பட்ட பெயர்களே ஒரு சிறு வரலாறு எனலாம். இலங்கைக்கே உரிய சிறிய கிளியொன்றுக்குப் பிளித் 1849இல் லெயார்ட்டின் மனைவியினுடைய குடும்பப் பெயரைச் சூட்டினார். அதே ஆண்டில் ஈரவலயக் காட்டு அணிலொன்று லெயார்ட்டின் பெயரைப் பெற்றது. மலைநாட்டில் மட்டுமே வாழும் காட்டுப்புறாவுக்கோ டொறிங்டன் சீமாட்டியின் பெயர் கிடைத்தது. அவருடைய கணவரான தேசாதிபதி டொறிங்டன் பிரபு, 1848இல் மாத்தளைப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியை இராணுவச் சட்டத்தின் கீழ் அடக்கிய விதம் இலண்டன் பாராளுமன்றத்திலேயே கண்டனத்துக்குள்ளாகி, 1850இல் பதவி நீங்கியவர். அந்த ஆட்சியை எவரும் நன்றியுடன் நினைப்பதில்லை. எனினும் ஹோட்டன் சமவெளியின் பனிமூட்டத்திற் பறக்கும் அந்தப் புறா இன்றுவரை அப்பெயரைச் சுமந்து திரிகிறது.

புறாக்களைப் பற்றியே சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. நமது முற்றங்களிலும் கோயிற் கோபுரங்களிலும் காணும் மாடப்புறா தானியம் பொறுக்குவது. மழைக்காட்டுப் புறாக்கள் வேறு வகையின. அவை பழந்தின்னிகள். ஆல், அத்தி, நாவல், காட்டுக் கறுவா முதலிய மரங்களின் பழங்களை முழுதாக விழுங்கி, விதைகளை வேறிடங்களிற் போட்டுச் செல்பவை. பழமரங்கள் ஆண்டு முழுவதும் ஒரேயளவிற் பழுப்பதில்லை. ஒரு மலைச்சாரலில் பழுத்து ஓய்ந்தபின் அடுத்த சாரலில் பழுக்கும்; ஓராண்டு குலுங்கும் மரம் மறு ஆண்டு வெறுமையாக நிற்கும். ஆகவே இப்பறவைகளும் நிலையாக ஓரிடத்திலிருப்பதில்லை. பழம் எங்கோ அங்கே அவை. நுவரெலியாவிற் கூட்டமாகக் காணப்பட்ட காட்டுப்புறாக்கள் அடுத்த சில வாரங்களில் அங்கு ஒன்றுகூட இல்லாமற் போவதும், தாழ்ந்த மலைக்காடுகளில் திடீரெனத் தோன்றுவதும் இதனாலேயே.

இத்தகைய பறவைக்கு வழக்கமான வாழிடம் இது, இதற்கு வெளியே காணப்பட்டால் அது புதுமை என்று கோடு வரைவது எளிதன்று. கோட்டை வரைவதற்கே பல்லாண்டுப் பதிவுகள் தேவை. அந்தப் பதிவுகளைத் தொடங்கியவர்களில் லெயார்ட் முதன்மையானவர். இவ்விடயத்தில் அவர் விட்டுச்சென்ற புதிர்களில் ஒன்று இன்றும் அவிழவில்லை.

அக்காலத்து இலங்கைப் பறவைப் பட்டியலில் பருவப் புறா என்றொரு பறவை இடம்பெற்றிருந்தது. செங்கபில நிற உடலும், கழுத்திலே ஊதாவும் பச்சையுமாய்ப் பளபளப்பும், ஆணுக்கு வெளிறிய உச்சந்தலையும் கொண்ட, மாடப்புறாவிலும் சற்றுப் பெரிய காட்டுப்புறா அது. இந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலைகள், வடகிழக்கு மாநிலங்கள், பர்மா, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய பகுதிகளே அதன் வழக்கமான வாழிடம். அவ்வாறிருக்க, நடுவே கடல் கிடக்கும் இத்தீவிலும் அது காணப்பட்டது. குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் எமேர்சன் டெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலிலுள்ள பட்டியலில் இப்புறாவின் பெயருக்கு ஒரு சிறு குறிப்பு உள்ளது. குறித்த காலங்களில் வந்து திரும்பிச் செல்வதனாலேயே அது இலங்கையிற் பருவப் புறா எனப்படுகிறது என்பதே அக்குறிப்பின் சாரம். எந்த மாதத்தில் வந்தது, எத்தனை வந்தன என்ற விபரம் அக்குறிப்பில் இல்லை.

இன்றைய நூல்களிலோ இதே பறவை இலங்கைக்கு வழிதவறி வரும் மிக அரிய வருகையாளர் என்றே குறிக்கப்படுகிறது. உலகளவிலும் அது அழிவை எதிர்நோக்கும் இனங்களில் ஒன்று. இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எப்போதாவது ஒருமுறை காற்றிலே திசைமாறி வந்து விழுந்த பறவைக்கு எவராவது பருவத்தைப் பெயராக வைப்பார்களா? வரும் காலத்தை மக்கள் எதிர்பார்த்திருந்தால் மட்டுமே அத்தகைய பெயர் பிறக்கும். அப்படியானால் பருவப் புறா ஒரு காலத்தில் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்து, அதற்குப் பழம் கொடுத்த காடுகள் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் இரையானபின் வராமல் நின்றதா? அல்லது மலைநாட்டுக் காட்டுப்புறாவின் இடப்பெயர்வையும் இதனையும் எவரோ சேர்த்துக் குழப்பிக்கொண்டனரா? இரண்டிற்கும் இடமுண்டு. முதலாவதன் பக்கமே நாம் சாய்கிறோம் எனினும் அதனை நிறுவத் தேவையான மாதமும் திகதியும் எண்ணிக்கையும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கவில்லை. பறவையைச் சுட்டுப் பாடம் செய்யத் தெரிந்த அந்தத் தலைமுறை, அடுத்த ஆண்டும் அதே மரத்தடிக்குச் சென்று வந்ததா வரவில்லையா எனக் குறித்துவைக்கும் பழக்கத்தைப் பெற்றிருக்கவில்லை. லெயார்ட்டும் இந்தக் குறைக்கு முற்றிலும் விலக்கானவரல்லர்.

வழிதவறிய பறவை என்ற சொல்வழக்கே நமக்குச் சற்று நெருடலாகத் தோன்றுகிறது. அது பிழையைப் பறவையின் தலையிற் போட்டுவிடுகிறது. பறவை தவறவில்லை, பார்ப்பதற்கு ஆள் இல்லாமற் போனது என்பதும் நடக்கக்கூடியதே. 1983 முதல் 2009 வரை வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை காடுகளுக்குள், எத்தனை கடற்கரைகளுக்கு ஒருவர் தொலைநோக்கியுடன் செல்ல முடிந்தது? தொலைநோக்கி வைத்திருப்பதே உயிராபத்தாக இருந்த காலம் அது. அந்தக் காலத்துக்கான பதிவேட்டில் வடபகுதியின் பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாக இருப்பதைக் கொண்டு அங்கு பறவை இல்லை என எவரும் முடிவு செய்யலாகாது.

வடபகுதி என்றதும் லெயார்ட்டின் வாழ்வில் நமக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அவர் பருத்தித்துறையிலும் இருந்து பறவைகளைச் சேகரித்தார். முத்து என்ற தமிழர் ஒருவர் நெடுங்காலம் அவரிடம் பணியாளராக இருந்தார். ஜூன் மாதத்தில் ஒரு நாட்காலை முத்து சிறிய பழுப்பு நிறப் பறவையொன்றைக் கொண்டுவந்து எசமானிடம் கொடுத்தார். ஈப்பிடிப்பான் வகையைச் சேர்ந்த அது அதுவரை எவராலும் விபரிக்கப்படாத இனம் என லெயார்ட் கண்டார். 1854இல் அதனை வெளியிட்டபோது, இலத்தீன் பெயரில் தம் பெயரையோ தேசாதிபதியின் பெயரையோ சேர்க்காமல் முத்துவின் பெயரைச் சேர்த்தார். தம் சேகரிப்பின் சிறந்த பறவைகள் பலவற்றை முத்துவின் பொறுமைக்கும் வேட்டைத் திறனுக்குமே தாம் கடன்பட்டிருப்பதாகவும் அதிலே எழுதினார். சீமாட்டிகளும் பிரபுக்களும் நிரம்பிய அந்தப் பெயர்ப் பட்டியலில் முத்து குடும்பப் பெயரோ பட்டமோ இன்றித் தனியே நிற்கிறார். எசமானின் பெருந்தன்மை இது என்பர் சிலர். கணக்கை ஒருமுறையாவது நேர்மையாக எழுதினார் என்பதே நமது எண்ணம்.

அந்தப் பறவையும் ஒரு பயணியே. வடகிழக்கு இந்தியா, வடபர்மா, சீனாவின் தென்பகுதி ஆகிய இடங்களிற் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தென்மேற்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. நிழலடர்ந்த காடுகளிலே தங்குவது. அப்படிப்பட்ட பறவை, வெயில் கொளுத்தும் பருத்தித்துறையில், அதன் இனம் வடக்கே கூடுகட்டும் ஜூன் மாதத்தில் கிடைத்தது என்றால் அது இடத்தாலும் காலத்தாலும் வழமைக்கு மாறானது. ஓர் இனத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திய முதற் சான்றே அவ்வினத்தின் வழக்கத்துக்குப் புறம்பானதாக அமைந்தது வியப்புக்குரியது. மாதத்தை லெயார்ட் எழுதாது விட்டிருந்தால் இந்த வியப்புக்கும் இடமிருந்திராது.

1853, 1854ஆம் ஆண்டுகளில் அவருடைய எட்டாண்டுக் குறிப்புகள் இலண்டன் இயற்கை வரலாற்று ஏடொன்றில் தொடராக வெளிவந்தன. கால் நூற்றாண்டின் பின்னர் கப்டன் வின்சென்ட் லெக் இலங்கைப் பறவைகளைப் பற்றிய தமது பெருநூலை எழுதியபோது அடித்தளமாக அமைந்தவற்றில் அவையும் அடங்கும்.

1854இல் லெயார்ட் தென்னாபிரிக்காவின் கேப் கொலனிக்குச் சென்று, ஆளுநர் சேர் ஜோர்ஜ் கிறேயின் கீழ்ப் பணியேற்றார். மறு ஆண்டில் கேப்டவுணில் நிறுவப்பட்ட தென்னாபிரிக்க அரும்பொருட்சாலையின் காப்பாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது. அலுவலக நேரம் போக எஞ்சிய நேரத்திலேயே அவர் அப்பணியைச் செய்தார். 1867இல் அவர் வெளியிட்ட தென்னாபிரிக்கப் பறவைகள் என்ற நூல் 702 இனங்களை விபரித்தது. அங்கிருந்து அவர் அனுப்பிய மண்டையோட்டின் வரைபடங்களைக் கொண்டு இனங்காணப்பட்ட திமிங்கிலமொன்றும் அவருடைய பெயரையே பெற்றிருக்கிறது.

1872இல் பிரேசிலின் பாரா நகரில் துணைத்தூதுவரானார். அங்கும் அதிக காலம் தங்கவில்லை. அடுத்து அவர் சென்ற இடம் பசுபிக் சமுத்திரத்துப் பிஜித் தீவுகள். இங்குதான் அவருடைய வாழ்வின் இருண்ட பக்கமும் வருகிறது.

பிஜியைப் பிரித்தானிய முடி பொறுப்பேற்பதா என ஆராய்ந்த இருவரில் ஒருவர் லெயார்ட்; மற்றவர் கொமடோர் குடெனஃப். 1874 ஒக்டோபர் 10ஆம் திகதி தீவுகள் கையளிக்கப்பட்டன. நிரந்தர ஆளுநர் வரும்வரை இடைக்கால நிருவாகத்தை லெயார்ட் நடத்தினார். 1875 ஜனவரியில், சிட்னி சென்று திரும்பிய பிஜித் தலைவர் தக்கொம்பாவையும் அவரது குடும்பத்தாரையும் ஏற்றிவந்த டைடோ என்ற போர்க்கப்பல் லெவுகா துறையை அடைந்தது. கப்பலிற் சின்னமுத்து நோய் இருந்தது. எவரும் தடுத்துவைக்கப்படவில்லை. புதிய ஆட்சியாளரைச் சந்திக்கத் தீவுகளெங்கிலுமிருந்து வந்து கூடிய தலைவர்கள் ஊர்களுக்குத் திரும்பியபோது நோயும் அவர்களுடன் சென்றது. அந்நோயை முன்னர் அறிந்திராத மக்களில் ஏறத்தாழ 40,000 பேர் சில மாதங்களில் மாண்டனர் என வரலாற்றாசிரியர்கள் கணிப்பர். பழியை ஒருவர் தலையில் மட்டும் சுமத்துவது முறையாகாது. கப்பல் அதிகாரிகளுக்கும் துறைமுக மருத்துவ ஏற்பாட்டுக்கும் அதிற் பங்குண்டு. ஆயினும் நிருவாகத்தின் தலைவராயிருந்தவர் லெயார்ட். ஒரு கரைக்குப் புதிதாக எது வந்து சேர்கிறது என்பதைக் கவனிப்பதையே வாழ்நாட் பழக்கமாகக் கொண்ட ஒருவரின் கண்முன்னால் இது நிகழ்ந்தது என்பதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. அதே 1875இல்தான் அவர் பிஜியின் வெள்ளைக்கண்ணிப் பறவையொன்றைப் புதிய இனமென விபரித்துமிருக்கிறார். அவ்வாண்டு நடுப்பகுதியில் நிரந்தர ஆளுநராக வந்த சேர் ஆர்தர் கோர்டன் பின்னாளில் இலங்கைக்கும் தேசாதிபதியாக வந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பிஜியிலும் பழந்தின்னிப் புறாக்களே அவரைக் கவர்ந்திருக்க வேண்டும். அங்கு நெருங்கிய உறவுடைய மூன்று சிறு புறாக்கள் தீவுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு வாழ்கின்றன. பொன்னிறப் புறா விற்றிலெவுவிலும் அதனையொட்டிய தீவுகளிலும், செம்மஞ்சட் புறா வனுவாலெவு, தவெயுனி பக்கத்திலும், மூன்றாவது தெற்கேயுள்ள கடாவு, ஓனோ தீவுகளில் மட்டும். ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று இல்லை. இலங்கைப் பருவப் புறாவுக்கு வாழிட எல்லையை வரைவது எவ்வளவு கடினமோ அவ்வளவு தெளிவாக இங்கே கடலே கோடு வரைந்து கொடுத்திருக்கிறது. இத்தகைய புறாவொன்று அயல்தீவில் ஒரு தடவை காணப்பட்டாலும் அது பெரும் செய்தியாகும். பசுமையான உடலும் ஆணுக்கு மஞ்சள் தலையும் கொண்டு, சீழ்க்கையடிப்பது போலக் குரலெழுப்பும் கடாவுப் புறாவுக்கு அமெரிக்கரான டானியல் எலியட் 1878இல் லெயார்ட்டின் பெயரைச் சூட்டினார்.

1876 முதல் லெயார்ட் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த நியூகலிடோனியாவில், நூமியா நகரில் பிரித்தானியத் துணைத்தூதுவராக இருந்தார். லியோ என அழைக்கப்பட்ட மகன் உடனிருந்து உதவினார். தந்தையும் மகனும் அயலிலுள்ள லோயல்ற்றித் தீவுகளுக்கும் நியூஹெப்ரிடிசுக்கும் கப்பலேறிச் சென்று, தீவு தீவாக எது உண்டு எது இல்லை எனக் குறித்தனர். நியூகலிடோனியக் காடுகளில் நோட்டு எனப்படும் மாபெரும் பழந்தின்னிப் புறா உண்டு. மரங்களில் வாழும் புறாக்களில் அதனிலும் பெரியது உலகில் இல்லை. ஆனால் நியூகலிடோனியாவை விட்டு அது வெளியே செல்வதில்லை. சிறிய தீவுகளுக்கிடையே பறந்து திரியும் பசுபிக் புறாவோ கடலைப் பொருட்படுத்துவதில்லை. இத்தகைய வேறுபாடுகளை ஒருவர் நூல்நிலையத்திலிருந்து அறிய இயலாது. ஒவ்வொரு தீவிலும் இறங்கித்தான் பார்க்க வேண்டும். இலங்கையில் எழுதத் தவறியவற்றை லெயார்ட் இங்கே ஓரளவு எழுதினார் என்றே நமக்குப் படுகிறது. லிஃபூ தீவின் சிறிய வெள்ளைக்கண்ணிக்கு 1878இல் பெயரிட்டவரும் அவரே.

இலங்கையிற் கிளிக்குப் பெயர் கொடுத்த மனைவி பார்பரா 1886இல் காலமானார். மறு ஆண்டில் லெயார்ட் மீண்டும் மணம் செய்தார். முதுமையில் இங்கிலாந்து திரும்பி டெவன் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரான பட்லி சால்ற்றர்ட்டனில் வாழ்ந்தார். 1900ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி தமது எழுபத்தைந்தாவது வயதில் அங்கேயே இறந்தார். அவரும் மகனும் சேகரித்த முதன்மை மாதிரிகள் பிரித்தானிய அரும்பொருட்சாலைக்குச் சென்றடைந்தன.

கடாவுப் புறா இன்றும் கடாவுவிலும் ஓனோவிலும் மட்டுமே வாழ்கிறது. முத்துவின் ஈப்பிடிப்பான் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் இலங்கைக்கு வந்து போகிறது. பருவப் புறாவுக்கான இலங்கைப் பதிவேட்டுப் பக்கம் இன்னும் மூடப்படவில்லை.